ஐப்பசி அறிந்த பலகை

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையே நானும் என் மைத்துனரும் மினி லாரி பிடித்துப் போனோம். ஓடெல்லாம் இறக்கியாகிவிட்டது. இரண்டு பையன்கள் மச்சுப் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். பலகை விளிம்பு சிதறுகிற சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. கடப்பாரையை வாங்கி வைத்துவிட்டு, ஆணி இருக்கிற பக்கம் எது, இல்லாத பக்கம் எது என்று பார்த்துக் கழற்றச் சொல்லிக்கொடுத்தேன். மத்தியானத்துக்குள் 41 பலகைகள் முழுசாகக் கீழே வந்தன. அத்தனையையும் விலைபேசி எடுத்துவந்தேன், என் வீட்டு மாடியறையில் தளம் போட.

உத்திரத்தை வேறொரு வியாபாரி ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். அதை லாரியில் ஏற்றும்போது பக்கவாட்டில் உளியால் வெட்டிய எழுத்தைப் பார்த்தேன்: ௲௬௰௭. கொல்லம் ஆண்டு 1067. கிறிஸ்து ஆண்டுக்கு 1891, 92. என் பாட்டாவின் அப்பா தச்சுவேலை செய்த காலம். அவர் கை பட்ட வீடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தக் காலத்து ஆசாரிமார் வீட்டில் ஆண்டை வெட்டுவார்களே தவிர, தங்கள் பெயரை வெட்டமாட்டார்கள்.

பலகைகளை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒருநாள் முழுக்க அவற்றின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்முகத்தை இழைப்புளி வழவழப்பாக்கியிருக்கும்; பிறகு காலும் துடைப்பமும் அதை மேலும் தேய்த்திருக்கும். பார்க்க அழகு, ஆனால் அதில் சேதி கிடையாது. மரம் எப்படி வந்தது, யார் அறுத்தார்கள் என்பதெல்லாம் அடிமுகத்தில்தான் இருக்கும். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற பட்டாசாலை உள்ள வீடானால் அடியையும் இழைப்பார்கள். இந்த வீட்டில் இழைக்கவில்லை. அதனால் 130 வருடத்துக்கு முந்திய வாள் பல்லின் தடம் நேற்று அறுத்ததுபோல நின்றது.

39 பலகைகளில் நேர்கோடுகள். நேர் என்றாலும் ஒரே சீரான நேர் இல்லை. ஒரு சாண் தூரத்துக்குக் கோடுகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும், பிறகு மெல்லச் சாயும், அப்புறம் மறுபடி நிமிரும். அது குழியறுப்பு. பள்ளம் தோண்டி, குறுக்கே தடியை ஏற்றி, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று ஈர்வாளை இழுப்பார்கள். மேலே நிற்பவர் கரிக்கோட்டைப் பிடித்துப் போகவேண்டும். கீழே நிற்பவர் கண்ணில் தூள் விழாமல் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு இழுக்கவேண்டும். கோடு சாய்கிற இடம் ஒருவருடைய கை தளர்ந்த இடம். நிமிர்கிற இடத்தில் அவர்கள் நின்று கஞ்சி குடித்திருப்பார்கள். சிறுவயதில் குழியறுப்பைப் பார்த்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மீதி இரண்டு பலகைகளில் வில் வளைவாகக் கோடுகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒரே இடைவெளியில். வட்ட ரம்பம். மில்லில் அறுத்தது. அந்த 39-இல் பெரும்பாலானவை அயனி, சில பலா. இந்த இரண்டும் தேக்கு.

ஒரே மச்சில் இரண்டு பலகை மட்டும் ஏன் தேக்கு என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதான் எங்கள் பக்கத்து மரத்தளத்தின் கதையை நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர்களில் மரத்தளம் முதலில் போட்டது மனிதர் நடக்க இல்லை, நெல்லுக்காக என்பது என் எண்ணம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கும்பப்பூ அறுத்தால் பின்னாலே கோடை, காயவைத்துக்கொள்ளலாம். கன்னிப்பூ அப்படி இல்லை. புரட்டாசியில் அறுத்து உள்ளே கொண்டுவந்து மூச்சு வாங்குவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மண் தரையில் கொட்டிய நெல் அடியிலிருந்து ஈரம் குடித்து முளைவிடும், பூசணம் பிடிக்கும், கறையான் ஏறும். அதற்காகத் தரையிலிருந்து முழ உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் சட்டம் ஏற்றி, பலகை பாவி, நான்கு பக்கமும் மரத்தாலேயே நிரை அடைத்து நெல்லறை கட்டினார்கள். பலகைக்கு அடியில் காற்று ஓடும். பழைய பெரிய வீடுகளில் மனிதர்கள் சாணி மெழுகிய தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள், நெல் மரத்தளத்தில் கிடந்தது. அந்த அறைக்கு மேலே வெண்கலப் பாத்திரம், விதைநெல், சீர்ச்சாமான் வைக்க மச்சு. மனிதர் நடக்கிற மாடி அதற்கப்புறம் வசதியுள்ள வீடுகளில் வந்தது. ஆனால் பலகை பாவுகிற முறை எல்லாம் நெல்லறையில் படித்ததுதான்: அடியில் காற்று வேண்டும், பலகைக்கும் பலகைக்கும் நடுவே நெல்மணி விழக்கூடாது.

சரி, மலையடிவாரத்தில் இருந்துகொண்டு ஏன் அயனியும் பலாவும்? கொஞ்ச தூரம் போனால் காடு, காட்டில் தேக்கு. ஆனால் அது அரசாங்கத்து மரம். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜ மரங்கள். உங்கள் விளையில், நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த தேக்காக இருந்தாலும் அன்று அதை நீங்கள் வெட்ட முடியாது. புரையிடத்தில் தேக்குக் கன்று தலைகாட்டினால் இரண்டு இலைப் பருவத்திலேயே பிடுங்கிப்போட்டுவிடுவார்கள் என்று பாட்டா சொல்வார். வளர்ந்தால் இடத்தை அடைக்கும், பயன் நமக்கில்லை. அயனியும் பலாவும் குடியானவன் மரம். பழம் தின்னலாம், ஆட்டுக்குக் குழை ஒடிக்கலாம், பெண்ணுக்குக் கல்யாணம் வரும்போது வெட்டிக் கட்டில் செய்யலாம், வீடு கட்டும்போது மச்சுப் போடலாம். இரண்டும் ஒரே இனத்து மரம்தான். பலாவை அறுத்ததும் மஞ்சள் கரைத்ததுபோல இருக்கும். பத்து வருடத்தில் சிவந்து, ஐம்பது வருடத்தில் கருஞ்சிவப்பாகும். அயனி தேன்நிறத்தில் தொடங்கி அதையே ஆழமாக்கிக்கொள்ளும். நன்றாக முற்றி வைரம் பாய்ந்த அயனியைக் கறையான் தொடத் தயங்கும். அதனால்தான் வள்ளத்துக்கும் அதே மரம்.

ராஜ மரங்கள் எங்கே போயின என்று பார்க்கவேண்டுமானால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். ஊருக்குப் பழைய பெயர் கல்குளம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா அரண்மனையைத் திருத்திப் பெரிதாக்கினார். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டாலும் அரண்மனை பிழைத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகும் அதைக் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. உள்ளே நுழைந்ததும் பூமுகத்தில் அண்ணாந்து பாருங்கள்: மேற்கூரை மரத்தில் 90 பூக்கள், ஒன்றுபோல ஒன்று இல்லை. செங்குத்தான மரப்படி ஏறி மேலே போனால் மந்திரசாலை. அங்கே தரை மரமாகத் தெரியாது. கறுப்பாக, முகம் பார்க்கலாம் போல இருக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, ஆற்று மணல் எல்லாம் சேர்த்து இழைத்துப் பூசியது என்று சொல்வார்கள். பத்து வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், எல்லோரும் அந்தக் கறுப்புத் தரையைப் பார்த்து வியக்கும்போது, என் தலையைத் தட்டி, “கீழ பாத்தல்லா, அந்தப் பூ மச்சு அசையாம நிக்கதுனாலதான் இது வெடிக்காம கெடக்கு மக்களே” என்றார். அன்றிலிருந்து எந்த மாடிக்குப் போனாலும் முதலில் கீழே போய் அண்ணாந்து பார்ப்பேன்.

ராஜாவுக்கு மேலே கம்பெனி வந்தபோது தேக்குக்குக் கெடுபிடி இன்னும் கூடியது. ஐரோப்பாவில் போர்கள் நடந்துகொண்டிருந்தன, இங்கிலாந்தில் ஓக் மரம் தீர்ந்துகொண்டிருந்தது, கப்பல் கட்ட மரம் வேண்டும். 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரை வனக் காப்பாளராக வைத்து, மலபார், திருவிதாங்கூர் தேக்கு வியாபாரம் முழுவதையும் கைக்குள் கொண்டுவந்தார்கள். அந்தத் தேக்கால் பம்பாயில் கட்டி 1817-இல் இறக்கிய டிரிங்கோமலீ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. மரத்துக்குச் சொந்தக்காரர்கள் குமுறினார்கள், வியாபாரிகள் முறையிட்டார்கள். 1823-இல் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்தார். வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் 1840-களில் மலபார் கலெக்டர் கொனோலி, நிலம்பூரில் தேக்கை நட்டே வளர்க்கலாம் என்று தொடங்கினார். விதை முளைக்க மறுத்தது. தேக்கு விதையின் ஓடு கல் மாதிரி. பல முறை தோற்றபிறகு முளைக்கவைத்து, தோப்பாக வளர்த்து நிறுத்தியவர் சாத்து மேனோன். 1846-இல் நட்ட மரங்களில் கொஞ்சம் இன்னும் அங்கே நிற்கின்றன. ஒன்றை நான் கட்டிப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். என் இரண்டு கைகளும் தொடவே இல்லை.

ஆக 1891-இல் பூதப்பாண்டிக்காரர் ஒருவர் வீடு கட்டும்போது பக்கத்துக் காட்டுத் தேக்கு அவருக்கு எட்டாது. ஆனால் கடல் கடந்த தேக்கு எட்டும். அதுதான் அந்த இரண்டு பலகை.

1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1885-இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற மரக் கம்பெனி வெட்டிய தேக்குக்குக் கணக்குச் சரியில்லை என்று திபா மன்னரின் அரசு பெரிய அபராதம் போட்டது. அந்தத் தகராறைச் சாக்காக வைத்து மூன்றாம் போர். 1886 ஜனவரி 1-ஆம் தேதி பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்தது. மரக் கணக்கு ஒரு ராஜ்ஜியத்தையே முடித்துவைத்ததற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி இல்லை. அங்கே தேக்கை வெட்டுகிற முறை இது: நிற்கிற மரத்தின் அடியைச் சுற்றி வைரம்வரை வளையமாக வெட்டி, இரண்டு மூன்று வருடம் நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, காய்ந்ததுதான் மிதக்கும். பிறகு வீழ்த்தி, யானை இழுத்து ஓடையில் தள்ளும். மழைவெள்ளம் ஐராவதியில் சேர்க்கும். தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு. அங்கே நீராவி மில்கள், வட்ட ரம்பங்கள். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கும் கதவுகளுக்கும் போன அதே பர்மாத் தேக்கு, வண்டி ஏறி இரண்டே இரண்டு பலகையாக இந்த வீட்டுக்கும் வந்திருக்கிறது.

இரண்டு பலகையும் பின்னால் எப்போதோ மாற்றிப்போட்டவை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆணித்துளையைப் பார்த்ததும் எண்ணம் மாறியது. துளை சதுரம். மற்ற பலகைகளிலும் அதே சதுரம், அதே அளவு. கொல்லன் அடித்த ஆணி, ஒரே கொல்லன். எல்லாம் ஒரே நேரத்தில் பாவியவை. தேக்குப் பலகைகளின் மேல்முகத்தில் நடுவே ஒரு குழிவு இருந்தது, தோசைக்கல்லின் குழிவு அளவுக்கு. இடித்த பையன்களில் ஒருவனைப் போனில் பிடித்து, இந்த இரண்டும் எங்கே கிடந்தன என்று கேட்டேன். “ஏணிப்படி ஏறினதும் மொதல்ல கெடந்ததுவ அண்ணாச்சி” என்றான். காசுக்கு ஏற்ற அளவில் தேக்கு வாங்கி, வீட்டில் எல்லோர் காலும் தினமும் விழுகிற அந்த ஒரே இடத்தில் போட்டிருக்கிறார் அந்த ஆசாரி. அவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் கும்பிடு.

மச்சுப் பாவுவதை நான் கற்றது 1971-இல், அப்பா போட்ட கடைசி மச்சில். எனக்கு அப்போது 13 வயது. மரத்தைத் தேய்பிறையில் வெட்டி, தடியாகவே குளத்தில் மாதக்கணக்கில் அமிழ்த்தி வைத்திருந்தார்கள். மரத்தின் சாறு கரைந்து வெளியேறும், பூச்சி அண்டாது. எடுத்து அறுத்தபிறகு நிழலில், பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து அடுக்கி, மறுவருடம் வரை காயவிட்டார்கள். பாவுகிற நாளில் அப்பா ஒவ்வொரு பலகையின் நெடுக்கு விளிம்பிலும் பாதித் தடிப்பைச் செதுக்கினார், ஒரு விளிம்பில் மேல் பாதி, மறு விளிம்பில் அடிப் பாதி. ஒன்றன் உதடு மற்றதன் உதட்டின்மேல் படியும். ஆணி ஒரு விளிம்பில் மட்டும். மறு விளிம்பு அடுத்த பலகையின் உதட்டுக்குக் கீழே சும்மா அடங்கியிருக்கும். நான் புத்திசாலித்தனமாக, பலகைகளைச் சுத்தியலால் தட்டி நெருக்கிக்கொண்டே வந்தேன், இடுக்கே தெரியாமல். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. ஐந்து பலகையைக் கழற்றி, ஒரு காசு நுழைகிற அளவு இடம்விட்டுத் திரும்பப் போட்டார். “வெட்டின மரத்துக்கும் ஐப்பசி தெரியும்லே. அப்ப அதுக்கு எடம் வேணும்” என்றார்.

பாவி முடித்ததும் தேரகத்து இலை. அத்தி இனத்துச் செடி. இலை பூனை நாக்கு மாதிரிச் சொரசொரக்கும். உப்புத்தாள் கடைக்கு வந்தபிறகும் கடைசித் தேய்ப்புக்கு அப்பா அந்த இலையைத்தான் தேடுவார். அடிப்பக்கத்துக்கு முந்திரித்தோட்டு எண்ணெய்; அந்தக் காட்டம் பட்டால் கறையான் வராது, கையில் பட்டால் தோல் உரியும். எனக்கு இரண்டு விரல் உரிந்தது.

அதோடு அந்த வேலை எங்கள் ஊரில் முடிந்தது. கம்பியும் சிமெண்டும் வந்துவிட்டன. கான்கிரீட் தளத்துக்குக் கறையானும் இல்லை, கிரீச்சென்ற சத்தமும் இல்லை. மொசைக் போட்டால் கழுவிவிடலாம். யாரையும் குறை சொல்வதற்கில்லை, மழைக்கு ஒழுகாத வீடு எல்லோருக்கும் வேண்டும். அப்பா ஜன்னலும் நிலையும் செய்து காலம் தள்ளினார். நான் 1989-இல் ஷார்ஜாவுக்குப் போனேன்.

போன இடத்தில் தினமும் மரத்தளம்! வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் பள்ளமும் மிஷினிலேயே இழைக்கத் தொடங்கிவிட்டார்கள். நாக்கைப் பள்ளத்தில் செருகி, நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடித்தால் ஆணித்தலையே வெளியில் தெரியாது. அப்பாவின் உதட்டு வெட்டும் இதுவும் பங்காளிகள் என்பது முதல் பலகையைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆணி இங்கேயும் ஒரு பக்கம் மட்டும்தான்.

ஒரு பெரிய வீட்டில் 20 மில்லிமீட்டர் தடிப்பில் ஓக் பலகை போட்டோம். அறை ஆறு மீட்டர் அகலம். சுவரோரம் விரற்கடை இடம் விடவேண்டும் என்று சொன்னேன். சுவர் வரை முட்டவைத்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று மேலே இருந்தவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர்கள் கோடை விடுமுறைக்கு ஏசியை அணைத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். ஆகஸ்ட் மாதம் அங்கே கடல் காற்று ஈரத் துணி மாதிரி மேலே ஒட்டும். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அறை நடுவில் தளம் முழங்கால் உயரத்துக்குக் கூடாரம் அடித்து நின்றது. தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை அகலத்தில் நூற்றுக்கு ஆறு பங்குகூடச் சுருங்காது. வெள்ளை ஓக் பத்துப் பங்குக்கு மேல் சுருங்கும். ஈரம் கண்டால் அதே கணக்கில் விரியவும் செய்யும். ஆறு மீட்டரில் நூற்றுக்கு ஒரு பங்கு விரிந்தாலே ஆறு சென்டிமீட்டர். அதற்குப் போக இடம் இல்லையென்றால் மேலே எழும்பாமல் என்ன செய்யும்? அந்தத் தளத்தைப் பிரிக்கும்போது அப்பாவின் குரல் காதிலேயே இருந்தது. அதற்குப்பின் இடம் விடாமல் நான் ஒரு பலகையும் பாவியதில்லை, எவர் சொன்னாலும்.

ஊர் திரும்பிய பிறகுதான் கவனித்தேன், பழைய வீடுகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. கதவும் தூணும் காரைக்குடிக் கடைகளுக்குப் போய்விடும். மச்சுப் பலகையை மட்டும் கேட்பாரில்லை. அயனி என்றால் யாருக்கும் மதிப்புத் தெரியாது. கான்கிரீட்டுக்குச் சாரப்பலகையாகவும் சவப்பெட்டியாகவும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப் போகாமல் தப்பிய அந்த 41 பலகைகளை வைத்துப் பங்குனியில் என் மாடியறை வேலையைத் தொடங்கினேன். கான்கிரீட் தளத்தின்மேல் நேரே பலகை போட்டால் அடியில் காற்று இராது. அதனால் இரண்டு அங்குலச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாகப் பதித்தேன், நெல்லறைக்குச் செய்ததுபோல. பழைய உதட்டு வெட்டுகளைத் தொடவில்லை, அப்படியே ஒன்றோடொன்று பொருந்தின. ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி, ஒரு விளிம்பில் மட்டும். அடிமுகத்து வாள்தடத்தை இழைக்கவே இல்லை. அதன்மேல் எண்ணெய் மட்டும் பூசினேன். பலகைக்குப் பலகை ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி இடம் பார்த்தேன். பங்குனிக் காய்ச்சலில் காசு தாராளமாக இறங்கியது.

இரண்டு தேக்குப் பலகையையும் படி ஏறியதும் முதலாவதாகப் போட்டேன். குழிவை இழைத்துச் சமமாக்கிவிடலாமே என்று மைத்துனர் இழைப்புளியை எடுத்தே விட்டார். வேண்டாம் என்று வாங்கி வைத்தேன். காலையில் காப்பியோடு மேலே ஏறும்போது என் வலது கால் தானாக அந்தக் குழிவில் போய் உட்காருகிறது. காசை ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் எடுத்து மறுபடி இடுக்கில் விட்டுப் பார்க்கவேண்டும்.